கமினோ தெ இன்வியெர்னோ: குளிர்காலத்தில் தனியாக நடக்கப் போகிறவர்களுக்கு

ஸ்பெயினின் வடமேற்கில் பொன்ஃபெராதா என்ற ஊரில் தொடங்கி சந்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயத்தில் முடிகிற யாத்திரை நடைப்பாதை இது. நீளம் சுமார் 263 கிலோமீட்டர். பெயருக்கே ‘குளிர்கால வழி’ என்றுதான் பொருள். எல்லாரும் போகும் பிரெஞ்சு வழியில் ஓ செப்ரெய்ரோ மலையேற்றம் பனியில் மூடிக்கொள்ளும்போது, சில் என்ற ஆற்றை ஒட்டிச் சுற்றிப் போவதற்கான பாதை.

நான் 2025 ஜனவரியில் நடந்தேன். பன்னிரண்டு நாளில் நான்கே நான்கு யாத்திரிகர்களைத்தான் பார்த்தேன். தைப்பூசத்துக்குப் பழனி நடந்து பழகியவன் நான். அங்கே இரவு இரண்டு மணிக்கும் யாராவது மோர் கொடுப்பார்கள், படுக்க ஒரு பந்தல் இருக்கும். இங்கே மாலை ஆறு மணிக்கு ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். இந்த வழியின் சிரமம் தூரத்தில் இல்லை. எது திறந்திருக்கும், எவ்வளவு நேரம் வெளிச்சம் இருக்கும் என்ற இரண்டும்தான் சிரமம். அது தெரியாமல் போய் அவதிப்பட்டேன். அடுத்துப் போகிறவர்கள் அப்படிப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

கிறிஸ்துமஸை ஒட்டிப் போகாதீர்கள். டிசம்பர் 24 மாலையிலிருந்து ஜனவரி 6 வரை ஸ்பெயினில் விடுமுறை மேல் விடுமுறை. ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள்; அதற்குப் பிறகுதான் ஊர் இயல்புக்கு வரும். டிசம்பர் 6, 8 இரண்டும்கூட அரசு விடுமுறைதான். இந்த நாட்களில் சின்ன ஊர்களில் ஒரு காபிக் கடைகூடத் திறந்திருக்காது.

என் கருத்தில் ஜனவரி 10-க்குப் பிறகு தொடங்குவது நல்லது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் பாதி. ஆனால் பிப்ரவரியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வழியில் வரும் லலின் என்ற ஊரில், கார்னிவல் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் முன் வரும் கொண்டாட்டம்) ஞாயிறுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ‘கொசீதோ’ திருவிழா நடக்கும். பன்றி இறைச்சியும் கொண்டைக்கடலையும் கிழங்கும் வேகவைத்த அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கான விழா. அந்த வாரக் கடைசியில் ஊரில் ஒரு அறைகூடக் கிடைப்பது கஷ்டம். கார்னிவல் தேதி ஈஸ்டரை வைத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். தேதி பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

நடைக்கு 12 நாள், ஓய்வுக்கோ மழைக்கோ 2 நாள், போக வர 4 நாள். மொத்தம் 18 நாள் விடுப்பு இருந்தால் நிம்மதி. அவ்வளவு விடுப்பு இல்லாதவர்கள் மொன்ஃபோர்தே தே லேமோஸ் ஊரிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து சந்தியாகோ சுமார் 130 கிலோமீட்டர். ஊருக்கு ரயிலும் உண்டு. நடந்து முடித்தவர்களுக்கு சந்தியாகோவில் தரும் சான்றிதழுக்கு வேண்டிய 100 கிலோமீட்டரும் தேறிவிடும்.

2. விசா: என் முதல் விண்ணப்பம் ஏன் தள்ளுபடி ஆனது

வேண்டியது ஷெங்கன் குறுகிய காலச் சுற்றுலா விசா. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்வரை போகலாம். இதைவிடப் பெரிய காத்திருப்பு மையத்தில் நேரம் கிடைப்பதற்குத்தான். ஜனவரி நடைக்கு செப்டம்பரிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

வழக்கமான ஆவணங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: திரும்பும் தேதிக்கு அப்பால் மூன்று மாதமாவது செல்லுபடியாகும், இரண்டு பக்கமாவது காலியாக உள்ள, பத்து ஆண்டுக்குள் வாங்கிய பாஸ்போர்ட், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், போக வர டிக்கெட் பதிவு, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு. காப்பீடு எடுக்கும்போது நடைப்பயணத்துக்கும் பொருந்துமா என்று கேட்டு எடுங்கள்.

நான் சறுக்கியது தங்குமிட ஆதாரத்தில். மத்ரித்தில் முதல் இரண்டு இரவும் சந்தியாகோவில் கடைசி இரண்டு இரவும் மட்டும் பதிவு செய்து கொடுத்தேன். நடுவில் 12 இரவு ‘யாத்திரிகர் விடுதிகள்’ என்று ஒரு வரி. தங்கும் நோக்கமும் ஏற்பாடும் நம்பும்படி இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டு பாஸ்போர்ட் திரும்பி வந்தது. கட்டணமும் போனது, இரண்டு மாதமும் போனது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது 12 நாள் எங்கே இருப்பான் என்று தெரியாத ஆளின் விண்ணப்பம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் முறை இப்படிச் செய்தேன்:

நாள், புறப்படும் ஊர், சேரும் ஊர், கிலோமீட்டர், தங்குமிடம் என்று ஐந்து பத்தி வைத்து ஒரு பக்க அட்டவணை. ஒவ்வொரு இரவுக்கும் வழியில் உள்ள ஊரிலேயே ரத்து செய்யக்கூடிய அறைப் பதிவு. ஓ பார்கோ, மொன்ஃபோர்தே, சந்தாதா, லலின் போன்ற ஊர்களில் விடுதிகள் உண்டு. பிறகு ‘நான் இந்தப் பாதையில் நடக்கிறேன், இத்தனை நாள், இந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புகிறேன்’ என்று ஒரு கடிதம். இது மாதிரிக் காகிதம் அல்ல, உண்மையான திட்டமாகவே இருக்கட்டும். நானும் அதில் பாதி அறைகளில் அப்படியே தங்கினேன்.

பணம் எவ்வளவு காட்டுவது? ஸ்பெயின் தன் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரு நாள் செலவுக்கு அளவாக வைத்திருக்கிறது. 2025-இல் அது சுமார் 118 யூரோ. இருபது நாளுக்கு 2,360 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் இரண்டு லட்சத்து 36 ஆயிரம். அது கணக்கில் பல மாதமாக இருக்கும் பணமாக இருக்க வேண்டும். முந்தைய வாரம் மாமா கணக்கிலிருந்து வந்து விழுந்த பணம் உதவாது.

நம்மவர்களுக்கென்று ஒரு பொறி உண்டு: இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறவர்கள், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கிறவர்கள், விமான டிக்கெட், காப்பீடு, விண்ணப்பப் படிவம், அறைப் பதிவு நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் போடுங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் விரித்த பெயர் என்று இருந்தால் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

3. பையில் என்ன, எதை விட்டுவிடுவது

பை எடை தண்ணீர் இல்லாமல் 7 கிலோவைத் தாண்டக் கூடாது. என்னுடையது 9 கிலோ. நான்காம் நாள் தபால் நிலையத்துக்குப் போய் இரண்டு கிலோவை சந்தியாகோவுக்கு அனுப்பிய பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. ஸ்பெயின் தபால் துறையே யாத்திரிகர் பெட்டிகளை சந்தியாகோவுக்கு அனுப்பி அங்கே வைத்திருக்கும் சேவையைத் தருகிறது. விமானத்துக்கு மட்டும் வேண்டிய பொருட்களை பொன்ஃபெராதாவிலேயே அனுப்பிவிடுங்கள். தினமும் ஊருக்கு ஊர் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கும் சேவையை இந்த வழியில் குளிர்காலத்தில் நம்ப வேண்டாம்.

ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் மறுநாளும் காயாது. உடம்பை ஒட்டிய மெரினோ கம்பளிச் சட்டை இரண்டு, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் பையையும் சேர்த்து மூடுகிற மழைப் போன்ச்சோ. கையுறை, காதை மூடும் தொப்பி. கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. தண்ணீர் புகாத ஷூவை ஊரிலேயே வாங்கி 100 கிலோமீட்டராவது நடந்து பழக்கிக்கொள்ளுங்கள். தூக்கப்பை கட்டாயம்: விடுதியில் போர்வை இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நெற்றி விளக்கும் ஒளி பிரதிபலிக்கும் மஞ்சள் மேலங்கியும் மறக்கவே கூடாது. ஊருக்கு வெளியே சாலையில் இருட்டிலோ மூடுபனியிலோ நடப்பவர்கள் ஒளி பிரதிபலிக்கும் ஏதாவது அணிந்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இன்னொரு காரணமும் உண்டு. குளிர்கால வார இறுதிகளில் கலீசியா (சந்தியாகோ இருக்கும் மாநிலம்) காடுகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். பாதையோரம் எச்சரிக்கைப் பலகையும் நின்றிருக்கும் ஜீப்புகளும் தெரிந்தால், அங்கி மேலே தெரியும்படி போட்டுக்கொண்டு பாதையை விட்டு விலகாமல் போங்கள்.

சார்ஜருக்கு நம் ஊர் மெல்லிய இரண்டு குச்சி பிளக் அங்கே பொருந்தும். மூன்று குச்சி பொருந்தாது.

சாப்பாட்டுப் பொருளில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி கொண்டு போனேன். நெய்யும் பால்கோவாவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை உண்டு.

4. பொன்ஃபெராதா போய்ச் சேர்வதும் கிரெதென்சியாலும்

சென்னையிலிருந்து மத்ரித்துக்கு நேர் விமானம் இல்லை. வளைகுடா வழியாகவோ ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகவோ மாறிப் போக வேண்டும். எனக்குப் போக வர 62,000 ரூபாய் ஆனது, மூன்று மாதம் முன்பே எடுத்ததால். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் முதல் முறை நுழைபவர்களிடம் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. மாறு விமானத்துக்கு இடைவெளி மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

மத்ரித்திலிருந்து பொன்ஃபெராதாவுக்குப் பேருந்தில் சுமார் 5 மணி நேரம், ரயிலும் உண்டு. இறங்கிய அன்றே நடக்கத் தொடங்காதீர்கள். அன்று செய்ய வேண்டிய வேலை மூன்று: உள்ளூர் சிம் (பாஸ்போர்ட் காட்ட வேண்டும், மத்ரித்திலேயே வாங்கினால் எளிது), இரண்டு நாளுக்கான ரொட்டியும் சீஸும் பழமும், அப்புறம் கிரெதென்சியால்.

கிரெதென்சியால் என்பது யாத்திரிகர் கையேடு. மடிப்பு மடிப்பாக விரியும் அட்டை. தங்கும் இடத்திலும் கடையிலும் முத்திரை வாங்க வேண்டும். விலை இரண்டு மூன்று யூரோதான். பொன்ஃபெராதாவில் யாத்திரிகர் விடுதியில் கேளுங்கள். இது இருந்தால்தான் யாத்திரிகர் விடுதிகளில் இடம் தருவார்கள், இறுதியில் சான்றிதழும் கிடைக்கும். கடைசி 100 கிலோமீட்டரில் ஒரு நாளைக்கு இரண்டு முத்திரை வேண்டும். கோடையில் அது பொருட்டே இல்லை. இங்கே குளிர்காலத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்த கதவே தென்படாமல் போகலாம். அதனால் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: காலையில் காபி குடிக்கிற கடையில் ஒன்று, இரவு தங்குமிடத்தில் ஒன்று. மருந்துக்கடை, நகராட்சி அலுவலகம், பெட்ரோல் பங்க் எங்கே கேட்டாலும் மறுக்க மாட்டார்கள்.

5. நாட்களைப் பிரிப்பது

ஜனவரி நடுவில் அங்கே விடிவது காலை 9 மணிக்கு. ஆமாம், ஒன்பது. சூரியன் மறைவது ஆறரைக்கு முன்பே. மூடுபனி நாளில் ஐந்தரைக்கே பாதை மங்கிவிடும். ஆகவே கையில் இருப்பது எட்டு, எட்டரை மணி நேரம். மேடு பள்ளத்தில் பையோடு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

நான் பிரித்தது ஏறத்தாழ இப்படி (கிலோமீட்டரில்):

பொன்ஃபெராதா – லாஸ் மெதுலாஸ் 27, அங்கிருந்து ஓ பார்கோ 27, ஆ ருவா 14, கிரோகா 27, ஆ பொப்ரா தோ ப்ரொய்யோன் 23, மொன்ஃபோர்தே 12, சந்தாதா 30, ரோதெய்ரோ 26, லலின் 22, சியேதா 16, பொன்தே உய்யா 20, கடைசியாக சந்தியாகோ 20. புத்தகங்களில் கிரோகா – மொன்ஃபோர்தே 35 கிலோமீட்டரை ஒரே நாளாகப் போட்டிருப்பார்கள். கோடைக்கு அது சரி. குளிர்காலத்தில் அதை உடைத்துவிடுங்கள். லலினைத் தாண்டி லாஷேயில் தெற்கிலிருந்து வரும் சனாப்ரேஸ் வழியோடு பாதை சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு தங்குமிடங்கள் கொஞ்சம் அதிகம்.

ஒரு பெரிய ஆறுதல்: பொன்ஃபெராதாவிலிருந்து மொன்ஃபோர்தே வரை ரயில் பாதையும் அதே சில் ஆற்றை ஒட்டித்தான் போகிறது. ஓ பார்கோ, ஆ ருவா, கிரோகாவுக்கு எதிர்க்கரையில் சான் க்ளோதியோ என்று நிலையங்கள் உண்டு. காய்ச்சலோ கொப்புளமோ வந்தால் ஒரு நாளை ரயிலில் தாண்டலாம். ரயில்கள் குறைவு, நேரத்தை முந்தின இரவே பார்த்துவையுங்கள். மொன்ஃபோர்தேக்குப் பிறகு அந்த வசதி கிடையாது, பெரும்பாலும் டாக்சிதான். ஆகவே உடம்பு எப்படி இருக்கிறது என்று நேர்மையாக முடிவு செய்ய வேண்டிய ஊர் மொன்ஃபோர்தே.

6. நாளை இரவு எங்கே என்பதை இன்று மாலையே தீர்த்துவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராமத்துக்கு மாலை 5.40-க்கு மழையில் போய்ச் சேர்ந்தேன். இணையத்தில் ‘ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்’ என்று போட்டிருந்த விடுதி. கதவில் பூட்டு, பக்கத்தில் ஒரு கைபேசி எண். அழைத்தால் எடுக்கவில்லை. அடுத்த ஊர் ஒன்பது கிலோமீட்டர். கை விறைத்துப்போய் எண்ணை அழுத்தக்கூட வரவில்லை. எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு, விறகு அடுப்பின் பக்கம் உட்காரவைத்து, யார் யாருக்கோ போன் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் டாக்சி வந்தது. அவர்கள் அன்று ஜன்னல் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அன்றிலிருந்து நான் செய்தது: தினமும் மாலை தங்கும் இடத்துக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்பே, மறுநாள் இடத்துக்கு போன். ஸ்பெயினில் எல்லாரும் வாட்ஸ்அப் பார்க்கிறார்கள். பேச வராவிட்டால் எழுதுங்கள். கேட்க வேண்டிய கேள்வி இரண்டே: “எஸ்தா அபியேர்தோ மன்யானா?” – நாளை திறந்திருக்குமா? “ஆய் கலெஃபாக்சியோன்?” – அறைச் சூடேற்றி உண்டா? இரண்டாவதைக் கேட்காமல் விடாதீர்கள். சூடேற்றி இல்லாத கல் கட்டடத்தில் ஜனவரி இரவு தூங்க முடியாது. ஈரத் துணியும் காயாது. பலகைகளில் ‘செராதோ’ என்றாலும் ‘பெச்சாதோ’ என்றாலும் மூடியிருக்கிறது என்றுதான் பொருள். முதலாவது ஸ்பானியம், இரண்டாவது கலீசியம்.

தங்குமிடம் இரண்டு வகை. கலீசிய அரசின் யாத்திரிகர் விடுதிகளுக்கு ‘ஆல்பெர்கே’ என்று பெயர். சுமார் 10 யூரோ. முன்பதிவு கிடையாது, ஒரு இரவுதான், மதியம் 1 மணிக்குத் திறப்பார்கள். காலை 8 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது விதி. 8 மணிக்கு வெளியே கும்மிருட்டு என்பதை மறந்துவிடாதீர்கள்! ஊரில் எந்தக் காபிக் கடை சீக்கிரம் திறக்கும் என்று முந்தின இரவே கேட்டுவைத்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்து விடியும்வரை காத்திருந்து கிளம்புங்கள். ஆல்பெர்கே இல்லாத ஊரில் ‘ஹொஸ்தால்’, ‘பென்சியோன்’ என்ற சிறு விடுதிகள். தனி அறை 30 முதல் 45 யூரோ. நான் 12 இரவில் 7 இரவு இப்படித்தான் தங்கினேன். ஆல்பெர்கே விலையை மட்டும் வைத்து பட்ஜெட் போட்டால் பணம் போதாது. தங்குமிடம், சாப்பாடு, காபி எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு நாளைக்கு சராசரி 55 யூரோ ஆனது. சின்ன ஊர்களில் கார்டு வாங்காத இடங்கள் உண்டு. எப்போதும் 100 யூரோ ரொக்கம் கையில் இருக்கட்டும்.

7. சாப்பாடு

மதிய உணவு ஒன்றரைக்குத் தொடங்கும், நான்கு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவு உணவு எட்டரைக்கு மேல். நடுவில் போனால் காபியும் ரொட்டியும்தான். நாளின் சாப்பாடு என்று ‘மெனு தெல் தியா’ 12 முதல் 15 யூரோவுக்கு, மூன்று பதார்த்தம், ரொட்டி, பானம் சேர்த்துக் கிடைக்கும். வயிறு நிறையும்.

சைவர்கள் கவனிக்க. ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீன் வரும், பருப்பில் பன்றித் துண்டு வரும். கீரையும் உருளையும் போட்ட கலீசிய சூப்பைப் பார்த்தால் நம் ஊர் கீரைக் குழம்பு மாதிரி இருக்கும். பன்றிக் கொழுப்பு போட்டுத்தான் செய்வார்கள். “சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்” என்று மூன்றையும் சொல்லுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தொர்தியா எல்லா ஊரிலும் உண்டு. சாப்பிடாதவர்களுக்குச் சீஸ் ரொட்டி, அரிசி, கடையில் விற்கும் வேகவைத்த கொண்டைக்கடலை பாட்டில். அரசு ஆல்பெர்கே சமையலறைகளில் அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்காது. ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம் கொண்டுபோனேன். சூடு சோறும் பருப்புப் பொடியும் கிடைத்த இரவுகளில் மறுநாள் கால் வலியே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பலசரக்குக் கடைகள் மூடியிருக்கும். சனி மதியமே வாங்கிவிடுங்கள்.

8. மூன்று இடங்களில் நிதானம்

லாஸ் மெதுலாஸும் அதற்கடுத்த மலைச்சரிவுகளும். நான் நடந்த பிறகு, 2025 ஆகஸ்டில், லாஸ் மெதுலாஸின் செஸ்ட்நட் தோப்புகளிலும் வல்தெயோராஸ் மலைகளிலும் பெரிய காட்டுத்தீ பரவியது. எரிந்த சரிவில் மழை பெய்தால் மண் சரியும், கருகிய மரங்கள் விழும், வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறிகளும் இல்லாமல் போயிருக்கும். பாதையின் தடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பலமான காற்று, மழை எச்சரிக்கை உள்ள நாளில் இந்தப் பகுதியைக் காட்டு வழியில் கடக்க வேண்டாம். லாஸ் மெதுலாஸ் கிராமத்தில் வார நாளில் எல்லாம் மூடியிருக்கலாம். பக்கத்தில் கருசேதோவிலும் விசாரித்து வையுங்கள்.

ஆ ருவாவிலிருந்து கிரோகா வரையும் சாப்பாட்டை முதுகிலேயே எடுத்துப் போங்கள், வழியில் கடையை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது, பெலேசார். மொன்ஃபோர்தே – சந்தாதா நாளில், தியோமொந்தி தேவாலயத்தைத் தாண்டியதும் பழைய கல் பாதை ஒன்று வளைந்து வளைந்து மின்யோ ஆற்றுக்கு இறங்குகிறது. இருபுறமும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். இந்த வழியிலேயே அழகான இடம் இதுதான். ஆனால் பாசி பிடித்த பலகைக் கற்களில் காய்ந்த இலை மூடிக் கிடக்கும். நான் இரண்டு ஊன்றுகோலோடும் ஒரு முறை வழுக்கி விழுந்தேன். இறங்கியதும் எதிரே சந்தாதாவுக்கு அதே அளவு ஏற்றம் காத்திருக்கும். வெளிச்சம் போவதற்குள் ஏறிவிட வேண்டுமென்றால் மதியம் 2 மணிக்குள் ஆற்றங்கரையில் இருங்கள்.

மூன்றாவது, மோந்தே ஃபாரோ. 1,187 மீட்டர், வழியிலேயே உயரமான இடம். சந்தாதாவிலிருந்து கிளம்பும் காலையில் கடைக்காரரிடம் ‘ஃபாரோ?’ என்று கேட்டால் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மேலே மேகம் உட்கார்ந்திருந்தால் உச்சிக்குப் போகாமல் சாலை வழியாகவே ரோதெய்ரோ போய்விடுங்கள். உச்சியில் ஒதுங்க இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சில நாள் பனியும் கிடக்கும். நான் போன அன்று மேகம் இல்லை. அந்த வெயிலில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வானிலை பற்றிப் பொதுவாக ஒன்று: முதல் பாதி, சில் பள்ளத்தாக்கு, மழை குறைவு, காலையில் உறைகுளிரும் மூடுபனியும். லலினுக்கு மேற்கே குளிர் குறையும், மழை விடாது. ஷூ நனைந்தால் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரவில் ஒரு முறை மாற்றுங்கள். சூடேற்றியின் மேலேயே வைத்தால் அடிப்பாகம் பிய்ந்துவிடும். அவசரம் என்றால் எண் 112. பணம் தீர்ந்துபோன சிம்மிலும் போகும்.

9. சந்தியாகோவில்

யாத்திரிகர் அலுவலகம் பேராலயத்துக்குப் பக்கத்தில் ருவா தாஸ் கரேதாஸ் தெருவில் இருக்கிறது. வாசலிலேயே கியூஆர் கோடு வழியாகப் பதிந்துவிட்டு எண் வாங்கிக்கொண்டு போகலாம். குளிர்காலத்தில் வரிசையே இல்லை, எனக்குப் பத்து நிமிடம். ‘கொம்போஸ்தேலா’ சான்றிதழ் இலவசம். நடந்த தூரத்தைக் குறிப்பிடும் இன்னொரு சான்றிதழ் 3 யூரோ. முழு வழியும் நடந்தவர்கள் அதையும் வாங்குங்கள், தொடங்கிய ஊர் பெயர் அதில்தான் வரும்.

நடந்த நோக்கம் என்ன என்று கேட்பார்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆன்மிகக் காரணம் என்று சொன்னால் கொம்போஸ்தேலா தருவார்கள்; விளையாட்டு, சுற்றுலா என்று சொன்னால் வேறு வகைச் சான்றிதழ். நான் உண்மையைச் சொன்னேன், அம்மாவுக்காக நடந்தேன் என்று. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எழுதிக் கொடுத்தார்.

பகல் 12 மணிக்கு யாத்திரிகர் பூசை நடக்கும். பேராலயத்துக்குள் முதுகுப்பையோடு விட மாட்டார்கள். அறையிலோ காப்பகத்திலோ வைத்துவிட்டு வாருங்கள். காலையிலேயே பொன்தே உய்யாவிலிருந்து கிளம்பி அன்றைய பூசைக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 9 மணிக்கு விடிகிற ஊரில் 20 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் நடக்க முடியாது. அன்று மாலை வந்து சேர்ந்து, மறுநாள் பூசைக்குப் போய், தபாலில் அனுப்பிய பையை அலுவலக நேரத்துக்குள் எடுத்துக்கொண்டு, மாலை ரயிலில் மத்ரித் போகலாம். மூன்று, மூன்றரை மணி நேரப் பயணம். அந்த டிக்கெட்டை மட்டும் மொன்ஃபோர்தே தாண்டிய பிறகு வாங்குங்கள். அதற்குள் எந்த நாள் வந்து சேருவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.